ஏர் மார்ஷலின் ஐந்து ஆண்டுகள்

கதையில் மட்டுமே வாழும் ஒரு ஏர் மார்ஷலுக்காக வழக்கு நடத்தியிருக்கிறேன். அவரைப் படைத்தவர் என் கட்சிக்காரர். விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக ஓய்வு பெற்றுத் தஞ்சாவூரில் குடியிருந்தவர். சிற்றிதழ் ஒன்றில் அவர் எழுதிய தொடர்கதை, வெளிமாநில நிறுவனம் ஒன்றின் வலைத்தொடராகிவிட்டது. அவர் பெயர் எங்கும் இல்லை.

"காசு பெரிசில்ல வக்கீல் சார். அந்த மனுஷனை எழுதினது நான்னு ஒரு வரி வரணும்" என்றார்.

அவர் கேட்டது சட்டத்திலேயே இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 57-ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதி விற்றுவிட்ட பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை ஆசிரியரிடமே இருக்கும். இவரோ எதையும் விற்கவில்லை. 62-ஆம் பிரிவு இருந்ததால் தஞ்சாவூரிலேயே வழக்குப் போட முடிந்தது. தனி ஆள் பெரிய நிறுவனத்தை எதிர்த்து நிற்க அந்தப் பிரிவு எவ்வளவு பெரிய துணை என்பது ஊர் நீதிமன்றங்களில் வழக்காடுகிறவர்களுக்குத் தெரியும்.

எதிர்த்தரப்பு கையில் எடுத்தது 1978-இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஆர்.ஜி. ஆனந்த் தீர்ப்பு. கருத்துக்கோ கருப்பொருளுக்கோ பதிப்புரிமை கிடையாது. அதைச் சொன்ன விதத்துக்குத்தான் உண்டு. எதிர்காலப் போர், கூட்டமாகப் பறக்கும் டிரோன்கள், அவற்றை நிலத்தடி அறையிலிருந்து இயக்கும் தளபதி, இவையெல்லாம் யாருக்கும் தனிச்சொத்தல்ல என்றார்கள். அது சரியான வாதம். அதை மறுத்துப் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. அந்த மனிதனின் வாழ்க்கை எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டினேன். இரண்டு கதையிலும் அவருக்கு இடது காது கேட்காது. இரண்டிலும் முதல் போரில் தானே விமானம் ஓட்டுகிறார். கடைசிப் போரில் விமானத்தில் ஏறுவதே இல்லை. இறந்த வீரர்களின் தாய்மார்களுக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதுகிறார்.

தற்செயல் என்றார்கள். அப்போதுதான் அந்த ஆண்டு கண்ணில் பட்டது. நாயகன் துண்டிகல் விமானப்படை அகாடமியிலிருந்து வெளியேறுவது 2026-இல் என்று கையெழுத்துப் பிரதி சொன்னது. இதழில் அது 2036 என்று அச்சாகியிருந்தது. 2041-இல் அவர் விங் கமாண்டர். நம் விமானப்படையில் அந்தப் பதவிக்குப் பொதுவாகப் பதின்மூன்று ஆண்டு சேவை வேண்டும்; ஐந்தில் கிடைக்காது.

"அந்தப் பிழை எனக்கு அவமானம் சார். அதைக் காட்டாம இருக்க முடியாதா?" என்றார்.

"ஐயா, நம்ம கேஸே அதுலதான் நிக்குது" என்றேன்.

பதினைந்து ஆண்டு இடைவெளியைத் தற்செயலாக ஐந்தாக்க இரண்டு பேரால் முடியாது. வலைத்தொடரிலும் 2036, 2041 என்றே இருந்தது. குறுக்கு விசாரணையில் அதன் கதாசிரியரிடம் இரண்டு ஆண்டுகளையும் வாசிக்கச் சொன்னேன். ஐந்து ஆண்டில் விங் கமாண்டர் ஆவது எப்படி என்று கேட்டேன். போர்க்காலப் பதவி உயர்வு என்றார். கதைப்படி முதல் போர் தொடங்குவது எந்த ஆண்டு என்றேன். 2043 என்று அவர் சொன்னதை நீதிபதி தாமே திருப்பிக் கேட்டுப் பதிவு செய்துகொண்டார்.

அடுத்த வாய்தாவுக்குள் சமரசம் பேச வந்தார்கள். பணமும் கொடுத்தார்கள். கட்சிக்காரர் சமரச மனுவில் தொகை எழுதியிருந்த பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் வரவேண்டிய தன் பெயரின் எழுத்துகளை மட்டும் விரல் வைத்துச் சரிபார்த்தார். முதலெழுத்து விடுபட்டிருந்தது. அதைச் சேர்த்த பிறகுதான் கையெழுத்திட்டார்.