காலி அறை, கையளவு கட்டில்

நாஜிகள் துடைத்தெடுத்த அறைகளை மறுபடி நிரப்ப ஓட்டோ ஃபிராங்க் சம்மதிக்கவில்லை. ஆனால் அதே அறைகளை, மேஜை மேல் வைக்கும் அளவில், நாற்காலி உள்பட மீண்டும் உருவாக்கச் செய்தார். ஆம்ஸ்டர்டாமில் அவை இரண்டையும் ஒரே கூரையின் கீழ் பார்க்கலாம்.

ஆம்ஸ்டர்டாமில் பிரின்சன்கிராக்ட் கால்வாய்க் கரையில் 263ஆம் எண் வீடு. பக்கத்திலேயே வெஸ்டர்கெர்க் தேவாலயம். அதன் மணி கால் மணிக்கொரு முறை ஒலிக்கிறது. வீட்டின் முகப்பில் விசேஷமாக எதுவும் இல்லை. கால்வாய்க் கரையின் மற்ற வீடுகளைப் போலவே குறுகலானது, உயரமானது. நுழைவுச் சீட்டை இணையத்தில் முன்கூட்டியே வாங்கியிருக்க வேண்டும். உள்ளே புகைப்படம் எடுக்க அனுமதி இல்லை.

ஜாம் கெட்டிப்படுவதற்கான பெக்டினும் மசாலாப் பொருட்களும் விற்ற கம்பெனியின் அலுவலக அறைகளைத் தாண்டிப் போனால் ஒரு புத்தக அலமாரி. கதவு போலத் திறக்கும் அலமாரி. அதன் பின்னால் ஏணி போன்ற செங்குத்தான படிகள். ஏறினால் பின்கட்டு. 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை எட்டு யூதர்கள் ஒளிந்திருந்த இடம். அவர்களில் ஒருத்தி, 13 வயதில் அங்கே வந்த ஆன் ஃபிராங்க். அவளுடைய டைரியைப் படித்தவர்களுக்கு அறைகளின் அமைப்பு ஏற்கெனவே மனப்பாடம்: இங்கே கட்டில், அங்கே மேஜை, மூலையில் அடுப்பு.

ஆனால் அங்கே கட்டில் இல்லை. மேஜையும் இல்லை. வெறும் தரை, மஞ்சளடைந்த சுவர்க் காகிதம், மறைக்கப்பட்ட ஜன்னல்கள். வருகிறவர்களின் கண்கள் அறையைச் சுற்றிச் சுற்றி எதையோ தேடுகின்றன.

தேடியது கண்ணாடிக்குள் கிடைக்கிறது. அதே அறைகள், பொம்மை வீட்டு அளவில். கூரையை எடுத்துவிட்டு மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் அமைந்த மாதிரிகள். கட்டில்களின் மேல் விரிப்பு, மேஜையைச் சுற்றி நாற்காலிகள், அலமாரி, விளக்கு. எட்டுப் பேர் நெருக்கியடித்து வாழ்ந்த வீடு, ஆட்கள் மட்டும் இல்லாமல்.

போர்க்காலத்தைச் சிறு அளவில் செய்து காட்டுவது உலகெங்கும் உள்ள பழக்கம். பெரும்பாலும் அவை போர்க்களங்கள்: டாங்கிகள், பதுங்கு குழிகள், இடிந்த சுவர்கள். இந்த மாதிரியில் ஒரு துப்பாக்கிகூட இல்லை. இருந்தும், அந்தப் போர் மனிதர்களை என்ன செய்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் மாதிரி கிடைப்பது அரிது.

அறைகள் காலியானதற்கு ஒரு காரணம் உண்டு. 1944 ஆகஸ்ட் 4 அன்று காவலர்கள் எட்டுப் பேரையும் கைது செய்து கொண்டுபோனார்கள். கம்பெனி ஊழியர்களும் இரண்டு ஆண்டுகளாக அவர்களைக் காப்பாற்றி வந்தவர்களுமான மீப் கீஸும் பெப் வோஸ்கைலும் மேலே போய், தரையில் சிதறிக் கிடந்த டைரித் தாள்களைப் பொறுக்கி எடுத்தார்கள். சில நாட்களில் லாரி வந்தது. மீதியிருந்த தட்டுமுட்டுச் சாமான்கள் எல்லாம் போயின.

அது அப்போதைய நடைமுறை. நாடு கடத்தப்பட்ட யூதர்களின் வீட்டுச் சாமான்களை அள்ளி ஜெர்மனிக்கு அனுப்புவது நாஜிகளின் தனித் திட்டமாகவே நடந்தது. ஆம்ஸ்டர்டாமில் அந்த வேலையைச் செய்தவர் ஆபிரஹாம் புல்ஸ் என்ற டச்சு லாரிக் கம்பெனிக்காரர். வீட்டைத் துடைத்தெடுப்பதற்கு 'புல்சன்' என்று டச்சு மொழியில் ஒரு வினைச்சொல்லே அவர் பெயரால் பிறந்தது. நெதர்லாந்தில் இருந்த சுமார் 1,40,000 யூதர்களில் 1,02,000க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அவர்கள் விட்டுப் போன நாற்காலிகளில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

பின்கட்டின் எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஆனின் தந்தை ஓட்டோ மட்டுமே. 1945 ஜூனில் ஆம்ஸ்டர்டாம் வந்தார். மனைவி எடித் ஆஷ்விட்ஸில் இறந்ததை வழியிலேயே அறிந்திருந்தார். மகள்கள் மார்காட்டும் ஆனும் பெர்கன்-பெல்சன் முகாமில் இறந்த செய்தி அடுத்த மாதம் வந்தது. அதன் பிறகுதான் மீப், தான் மேஜை இழுப்பறையில் வைத்திருந்த டைரியை அவரிடம் கொடுத்தார். 1947 ஜூன் 25 அன்று அது புத்தகமாக வந்தது. டச்சில் அதன் பெயர் 'ஹெட் ஆக்டர்ஹவுஸ்'. 'பின்கட்டு' என்றுதான் அர்த்தம்.

1950களில் அந்த வீட்டை இடிக்கத் திட்டமிட்டார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. 1957இல் வீட்டைக் காக்க அறக்கட்டளை அமைந்தது. 1960 மே 3 அன்று அருங்காட்சியகம் திறந்தது. அப்போதுதான் கேள்வி எழுந்தது: அறைகளை எப்படிக் காட்டுவது? பழைய சாமான் கடைகளில் தேடினால் அதே காலத்துக் கட்டிலும் மேஜையும் கிடைக்கும். பெரிய மனிதர்களின் நினைவு இல்லங்கள் பலவற்றில் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஓட்டோ மறுத்தார். சாமான்கள் எடுத்துச் செல்லப்பட்டன. ஆட்கள் எடுத்துச் செல்லப்பட்டுத் திரும்பவில்லை. அந்த வெறுமை அப்படியே இருக்க வேண்டும் என்றார். அதே சமயம், வருகிறவர்கள் காலி அறையைப் பார்த்து 'விசாலமாகத்தானே இருக்கிறது' என்று நினைத்துவிடும் ஆபத்தும் இருந்தது. எட்டுப் பேரின் படுக்கை, துணிமணி, பாத்திரம், உருளைக்கிழங்கு மூட்டை எல்லாம் சேர்ந்த நெருக்கடியை வெறும் தரை காட்டாது. இந்தச் சிக்கலுக்கு விடைதான் 1960களின் தொடக்கத்தில் அவர் செய்வித்த மாதிரிகள்.

இப்படி ஒரு மாதிரியைச் செய்வதில் முதல் வேலை மரம் அறுப்பதல்ல, சாட்சி திரட்டுவது. சுவர்கள் அங்கேயே நின்றன. அளந்து கொள்ளலாம். சாமான்களுக்கு ஓட்டோவின் ஞாபகம் வேண்டும். டைரியே இன்னொரு சாட்சி. ஒளிந்த சில நாட்களிலேயே, 1942 ஜூலை 9 தேதியிட்ட பக்கங்களில், ஆன் வீடு முழுவதையும் அறை அறையாக விவரித்திருக்கிறாள். லாரிக்காரர்கள் எடுக்க முடியாதவையும் மிஞ்சியிருந்தன: கழுவுதொட்டி, கழிப்பறைக் கோப்பை, சுவரில் ஒட்டியவை.

ஆனின் அறையையே எடுத்துக்கொள்ளலாம். ஏறத்தாழ 2 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். அதில் அவளும், ஃபிரிட்ஸ் ஃபெஃபர் என்ற நடுத்தர வயதுப் பல் டாக்டரும். இரண்டு படுக்கைகள், ஒரு சிறு மேஜை. அந்த மேஜை யாருக்கு எத்தனை மணி நேரம் என்பதில் இருவருக்கும் நடந்த சண்டை டைரி வாசகர்களுக்குத் தெரியும். ஆனின் படுக்கை ஒரு குட்டைத் திவான். வளரும் பெண்ணின் கால் வெளியே நீண்டதால், நாற்காலி போட்டு அதை நீட்டினார்கள். காலி அறையில் நிற்கும்போது இந்தச் சண்டை கதையாகத்தான் இருக்கிறது. மாதிரியில் இரண்டு படுக்கைகளுக்கும் நடுவே உள்ள சந்தைப் பார்த்ததும் அது கணக்காகிவிடுகிறது.

சிறு அளவில் சாமான் செய்வது தனி வித்தை. பொம்மை வீடுகளில் பரவலாக உள்ள 1:12 என்ற அளவை உதாரணமாக எடுத்துக்கொண்டால், 5 மீட்டர் அறை சுமார் 42 செ.மீ. ஆகிறது. 2 மீட்டர் கட்டில் 17 செ.மீ.; 8 செ.மீ. உயரக் கோப்பை 7 மில்லிமீட்டருக்கும் குறைவு. அளவைச் சுருக்கலாம், பொருளின் குணம் சுருங்காது. நிஜக் கம்பளியை வெட்டிப் போட்டால் குட்டிக் கட்டிலில் அது சாக்குப் போலத் தெரியும். கைக்குட்டை போன்ற மெல்லிய துணி வேண்டும். அதுவும் தன் கனத்தால் தழைந்து விழாது, பசை தடவி மடிப்பை வைக்க வேண்டும். மரத்தின் ரேகை பெரிதாக இருந்தால் மேஜை பொய் சொல்லிவிடும். ஒரு தட்டு கொஞ்சம் தடித்தாலும் போதும், மொத்த அறையும் விளையாட்டுச் சாமானாகிவிடும்.

இதைவிடக் கஷ்டமானது நேரம். பின்கட்டில் அறைகள் மணிக்கு மணி மாறின. மேல் தளத்தில் வான் பெல்ஸ் தம்பதியின் படுக்கையறைதான் பகலில் எட்டுப் பேருக்கும் சமையலறை, சாப்பாட்டு அறை, கூடம் எல்லாம். கீழே கிடங்கில் ஆட்கள் வேலை செய்யும் நேரத்தில் யாரும் செருப்புப் போட்டு நடக்கக் கூடாது. தண்ணீர் திறந்துவிடக் கூடாது. இரவில் படுக்கைகள் விரியும். மாதிரியோ ஏதாவது ஒரு கணத்தில்தான் உறைந்து நிற்க முடியும். மீதியைப் பார்ப்பவர் நகர்த்திக்கொள்ள வேண்டும்.

குட்டிச் சாமான்களின் மோகம் ஆம்ஸ்டர்டாமுக்குப் புதிதல்ல. கால்வாய்களைக் கடந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ரைக்ஸ்மியூசியம். அங்கே பெட்ரோனெல்லா ஓர்ட்மன் என்ற பணக்காரச் சீமாட்டி 1686 முதல் 1710 வரை சேர்த்து அமைத்த பொம்மை வீடு இருக்கிறது. இரண்டரை மீட்டர் உயர அலமாரிக்குள் ஒரு முழு வீடு. குட்டிப் பீங்கானைச் சீனாவிலிருந்து வரவழைத்தார். நிஜச் சாமான் செய்யும் கைவினைஞர்களே குட்டிச் சாமானும் செய்தார்கள். ஆன செலவில் கால்வாய்க் கரையில் நிஜ வீடே வாங்கியிருக்கலாம். அது உடைமையின் பெருமை. பிரின்சன்கிராக்ட் மாதிரியில் இருப்பது பறிபோன உடைமையின் பட்டியல்.

போரை நினைவுகூரும் இன்னொரு குட்டி உலகம், ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில், ஹேக் நகரத்தில். குழந்தைகள் குதூகலிக்கும் மதுரோடாம் பூங்கா. நாட்டின் புகழ்பெற்ற கட்டடங்கள் 1:25 அளவில், ஓடும் ரயில்களோடு. அந்தப் பெயர் ஜார்ஜ் மதுரோ என்பவருடையது என்பதை அங்கே வருகிறவர்களில் பலர் கவனிப்பதில்லை. கரீபியன் தீவான குராசாவோவில் பிறந்த யூத இளைஞர், சட்ட மாணவர். 1940 மே மாதம் ஜெர்மனி படையெடுத்தபோது, ஹேக் அருகே பாராசூட் வீரர்கள் பிடித்திருந்த மாளிகையைத் தாக்கி மீட்டார். 1945 பிப்ரவரியில், 28 வயதில், டாக்காவ் முகாமில் இறந்தார். ஒரே மகனை இழந்த பெற்றோர் கொடுத்த பணத்தில் எழுந்து, 1952 ஜூலை 2 அன்று திறந்த நினைவுச் சின்னம் அது. மகனைப் பறித்த போரைக் காட்டாமல், அவன் பார்த்திருக்க வேண்டிய நாட்டைக் காட்டுகிறது.

பின்கட்டை முழு அளவில் நிரப்பிப் பார்க்கும் ஆசை அவ்வப்போது எழாமல் இல்லை. 1999இல் படம் எடுப்பதற்காக நிஜ அறைகளில் சாமான்களைத் தற்காலிகமாக வைத்தார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். 2025 ஜனவரி 27 அன்று நியூயார்க்கில் திறந்த கண்காட்சியில் பின்கட்டை முழு அளவில், சாமான்களோடு, கட்டிக் காட்டினார்கள். ஆம்ஸ்டர்டாமுக்கு வர முடியாதவர்களுக்கு அது பெரிய வாய்ப்பு. கடல் தாண்டி வேறொரு கட்டடத்தில் அதைச் செய்ததால், ஓட்டோவின் நிபந்தனையும் காப்பாற்றப்பட்டது. அவர் 1980இல் காலமானார். பிரின்சன்கிராக்டின் அறைகள் காலியாகவே இருக்கின்றன.

அந்த வெறும் சுவர்களில் மூன்று விஷயங்கள் கண்ணாடிக்குப் பின்னால் பாதுகாக்கப்படுகின்றன. ஆன் பசை தடவி ஒட்டிய சினிமா நட்சத்திரங்களின் படங்கள். பத்திரிகையிலிருந்து வெட்டிய நார்மண்டி வரைபடம். 1944 ஜூன் 6க்குப் பிறகு நேச நாட்டுப் படைகள் முன்னேற முன்னேற ஓட்டோ அதில் குண்டூசி குத்தி வந்தார். மூன்றாவது, எளிதில் கண்ணில் படாதது. சுவரில் பென்சிலால் இழுத்த சின்னச் சின்னக் கோடுகள். பிள்ளைகளைச் சுவரோடு நிற்க வைத்துத் தலைக்கு மேல் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைக்கும், எல்லா வீட்டிலும் நடக்கிற காரியம்.

வெளியே போக முடியாத, வெயில் படாத அந்த இரண்டு ஆண்டுகளில் ஆன் 13 செ.மீ.க்கு மேல் வளர்ந்திருக்கிறாள். பொம்மை வீட்டுக் கணக்கில் அது ஒரு செ.மீ. சொச்சம். கட்டிலைச் சுருக்கலாம், அடுப்பைச் சுருக்கலாம். இந்தக் கோடுகளைச் சுருக்கிக் காட்டுவதில் பயனில்லை. முதல் கோட்டுக்கும் கடைசிக் கோட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, அந்தச் சுவரின் முன்னால் நிஜ அளவிலேயே பார்க்க வேண்டியிருக்கிறது.