கரும்புக்குப் போன காணி

காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் சம்மாந்துறை தாண்டியும் வயல்தான். கல்முனையில் பிறந்த எனக்கு வேளாண்மை என்றால் நெல். அந்தச் சொல்லுக்கு எங்கள் ஊரில் வேறு பொருளே கிடையாது. அம்பாறைக்குத் தெற்கே ஹிங்குராணைப் பக்கம் போனபோதுதான் தலைக்கு மேல் உயர்ந்து நின்ற கரும்பைக் கண்டேன்.

வெட்டு நடந்துகொண்டிருந்தது. சோகையை எரித்துவிட்டு வெட்டுவதால் முகம், கை, சட்டை எல்லாம் கரி. கொதிக்கிற வெயிலிலும் நீளக் கைச் சட்டைதான்; எரியாமல் மிஞ்சிய இலை தோலைக் கீறிவிடும். குனிந்து நிலத்தோடு ஒட்ட ஒரு வெட்டு, நிமிர்ந்து நுனியைத் தட்ட ஒரு வெட்டு. இனிப்பு அடியில்தான் கூட. கட்டையை உயர விட்டால் அந்த இனிப்பு வயலோடு போய்விடும். ஒட்ட வெட்டிய கட்டையிலிருந்துதான் அடுத்த வருடப் பயிரும் தளிர்க்கும். அந்தக் குனிவிலேயே நாள் முழுக்க நின்றவர்களின் இடுப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் பதறுகிறது.

"நெல்ல ஏன் காக்கா விட்டீங்க?" காணிக்காரரிடம் கேட்டேன்.

"நாங்களா விட்ட தம்பி? மேட்டுக் காணி, சிறுபோகத்துக்குத் தண்ணி ஏறாது. ஏறி விளைஞ்சாலும் எல்லாருட நெல்லும் ஒரே நேரம் வெளியில வரும், விலை விழும். கடன் குடுத்தவன் களத்திலேயே நிப்பான். கரும்புக்கெண்டா ஆலையில பசளையும் செலவுக் காசும் முன்னுக்கே தாறாங்க, பிறகு கழிச்சிக்குவாங்க."

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர் நெல்லுக்கும் பாய்ந்தது, கரும்புக்கும் பாய்ந்தது. ஹிங்குராணைச் சீனி ஆலை 1997இல் மூடப்பட்டபோது கரும்புக் காணிகளில் நெல் விதைத்தார்கள். 2010களில் ஆலை மறுபடி இயங்கியதும் திரும்பவும் கரும்பு. பணப்பயிருக்கு ஆசைப்பட்டு விவசாயி உணவுப் பயிரைக் கைவிடுகிறான் என்று பேசுகிறவர்கள் இந்தப் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும். எதை நடுவது என்பது பாதிக்கு மேல் வாய்க்காலிலும் கடன் கொப்பியிலும் முடிவாகிறது.

ஆனாலும் எனக்கு ஒரு பயம் போகவில்லை. நெல்லைக் காயவைத்து மூடையாகக் கட்டினால் விலை ஏறும்வரை பொறுக்கலாம். ஏறாவிட்டால் குற்றிச் சோறாக்கலாம். வெட்டிய கரும்பு பொறுக்காது. நாள் போகப் போக எடையும் இனிப்பும் இறங்கும், கொண்டுபோக இருப்பதும் ஒரே ஆலை. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசு நிறுத்தி, அடுத்த பெரும்போகம் சரிந்து, அரிசி விலை ஏறியபோது, வீட்டில் நாலு மூடை நெல் வைத்திருந்தவன் பிள்ளைகளுக்குச் சோறு போட்டான்.

இதைச் சொன்னதும் காணிக்காரர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு வாடியின் மூலையைக் காட்டினார். கடையில் வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பை.

"எங்கட வாப்பா ஒரு நாளும் அரிசி வாங்கினல்ல, தம்பி."

அடுக்கிய கரும்பை ஏற்ற லொறி அதுவரை வரவில்லை. வெட்டியவர்கள் நிழல் தேடி உட்கார்ந்து பாதையையே பார்த்திருந்தார்கள்.