பிரம்பு, பால்சா, பேட்டரி: லேசான மரங்களின் ஊர் வேக்ஃபீல்டு

பாஸ்டனில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கச் சில மாதங்கள் போகிறவர்களுக்கு, ஹார்வர்டு, துறைமுகம், அருங்காட்சியகம் எல்லாம் முதல் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். மிச்சமுள்ள நாட்களில் ஒன்றை வேக்ஃபீல்டுக்குக் கொடுக்கலாம். பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனில் ஹேவர்ஹில் பாதை ரயில் ஏறினால் சுமார் அரை மணி நேரப் பயணம். பேரனோ பேத்தியோ கூட வந்தால் இன்னும் நல்லது. இது பொம்மை விமானங்களின் ஊர்.

ரயில் நிலையத்திலிருந்து நடந்தே ஏரிக்குப் போய்விடலாம். குவானபோவிட் என்பது ஏரியின் பெயர். பழங்குடித் தலைவர் ஒருவரின் பெயர் இன்னும் அந்தத் தண்ணீரில் நிற்கிறது. ஏரியை ஒரு சுற்று நடந்தால் சுமார் ஐந்து கிலோமீட்டர். காலையும் மாலையும் ஊரே இங்கே நடக்கிறது, ஓடுகிறது, நாயைக் கூட்டிக்கொண்டு போகிறது. கோடையில் பாய்மரப் படகுகள் மிதக்கும். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிடும். கரையோரப் புல்வெளியில் ஒரு பழைய இசை மண்டபம். பார்ப்பதற்கு அமெரிக்காவின் நூற்றுக்கணக்கான சிற்றூர்களில் ஒன்று. ஆனால் இந்த ஊரை வளர்த்தது இரண்டு மரப்பொருட்கள். இரண்டுமே இங்கே விளையாதவை, இரண்டுமே எடை குறைந்தவை.

குப்பையில் கிடந்த பிரம்பு

1868-க்கு முன்பு இந்த ஊரின் பெயர் சவுத் ரீடிங். சைரஸ் வேக்ஃபீல்டு என்ற வியாபாரி பெயரை மாற்ற வைத்தார். 1840-களில் பாஸ்டன் துறைமுகத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். கிழக்காசியாவிலிருந்து வரும் கப்பல்களில் சரக்குப் பெட்டிகள் ஆடாமல் இருக்க, இடையிடையே பிரம்பு செருகி வைத்திருப்பார்கள். சரக்கை இறக்கியதும் பிரம்பைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். அவர் அதை வாங்கி விற்க ஆரம்பித்தார். பிறகு பிரம்பு நாற்காலி, தொட்டில், கூடை என்று செய்யும் தொழிற்சாலையை இந்த ஊரில் நிறுவினார். ஊருக்கு நகர மன்றம் கட்ட அவர் பணம் கொடுக்க, ஊர் அவர் பெயரையே சூடிக்கொண்டது.

பிரம்புக்கும் விமானத்துக்கும்கூட உறவு உண்டு. முதல் உலகப் போர் கால விமானங்கள் பலவற்றில் விமானி உட்கார்ந்தது பிரம்பு நாற்காலியில்தான். அலங்காரத்துக்காக அல்ல, எடை குறையும் என்பதற்காக. அந்தப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானியாக இருந்த பால் கில்லோ என்பவர்தான் இரண்டாவது மரத்தை இந்த ஊருக்குக் கொண்டுவந்தார்.

தீப்பெட்டிபோல ஒரு தொழில்

1926-ல் கில்லோ தன் பொம்மைத் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு மே மாதம் சார்லஸ் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்குத் தனியாக, எங்கும் இறங்காமல், முப்பத்து மூன்றரை மணி நேரம் பறந்து சேர்ந்தார். அமெரிக்கச் சிறுவர்கள் எல்லோருக்கும் விமானப் பைத்தியம் பிடித்தது. கில்லோ முதல் உலகப் போர் விமானங்களைச் சின்னஞ்சிறு பால்சா மரக் கிட்டுகளாக விற்க ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரில் பால்சாவை ராணுவம் எடுத்துக்கொண்டது. உயிர் காக்கும் மிதவைகளுக்கும், பிரிட்டனின் மஸ்கிட்டோ என்ற மர விமானத்துக்கும் அது தேவைப்பட்டது. போர் முடிந்ததும் மரம் திரும்பி வந்தது. கையால் வீசினால் மிதந்து போகும் கிளைடர்கள் கடைகளில் குவிந்தன.

அந்த நிறுவனம் இன்னும் இதே ஊரில், நியூ சேலம் தெருவில் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணத் தொழிற்சாலைக் கட்டடம். உள்ளே போய்ச் சுற்றிப் பார்க்கும் இடம் என்று எண்ணிப் போக வேண்டாம். இங்கிருந்து கிளம்பும் பெட்டியைத் திறந்து பார்ப்பதுதான் உண்மையான சுற்றுலா.

பெட்டிக்குள் விமானம் இருக்காது. மெல்லிய பால்சா பலகைகள், தீக்குச்சிபோன்ற நீளக் குச்சிகள், நம் ஊர்ப் பட்டத்தாளைப் போன்ற டிஷ்யூ தாள், ஒரு பிளாஸ்டிக் புரொப்பல்லர், நீண்ட ரப்பர் வளையம், மடித்து வைத்த பெரிய வரைபடம். அவ்வளவுதான். வரைபடத்தைப் பலகையில் விரித்து, மேலே மெழுகுத் தாள் போட்டு, குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி, ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். எலும்புக்கூடு தயாரானதும் தாளை ஒட்டித் தண்ணீர் தெளித்தால், காயும்போது தாள் மத்தளத் தோல்போல இறுகும். ரப்பரை முறுக்கிவிட்டால் விமானம் பறக்கும். நன்றாகச் செய்திருந்தால் அரை நிமிடம். எங்கே போகும் என்பது காற்றின் விருப்பம்.

ரப்பரிலிருந்து பேட்டரிக்கு

அந்த அரை நிமிடம் போதாது, நினைத்த இடத்துக்குத் திருப்பவும் வேண்டும் என்ற ஆசை பழையது. 1937-லேயே வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். ஆனால் அதன் இறக்கை ஆள் உயரத்தைவிட நீளம். அன்றைய ரேடியோவையும் பேட்டரியையும் சுமக்க அவ்வளவு பெரிய விமானம் தேவைப்பட்டது. இரண்டடி இறக்கையுள்ள ரப்பர் விமானத்துக்கு அதெல்லாம் வெறும் கனவு.

கனவைச் சாத்தியமாக்கியது, நம் சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசிக்காக வளர்ந்த தொழில்நுட்பம். லித்தியம் பேட்டரி வந்தது. சிறிய சில்லுகள் வந்தன. இன்று ரிசீவர் ஒரு ரூபாய் நாணயத்தின் எடைதான். வால் பகுதியை அசைக்கும் சர்வோ மோட்டாரும் ஏறக்குறைய அதே எடை. பாட்டனார் காலத்துக் கிட்டை வாங்கி, ரப்பரைக் கழற்றிவிட்டு, பேட்டரியும் ரிமோட்டும் பொருத்துவது இப்போது உலகம் முழுக்கப் பலருக்கும் பிடித்த பொழுதுபோக்கு.

புதிதாக முயல்கிறவர்கள் இறக்கை மேலே இருக்கும் வகையை எடுப்பது வழக்கம். பைப்பர் சூப்பர் கப், செஸ்னா போன்றவை. இந்த வகை, சாய்ந்தாலும் பெரும்பாலும் தானே நிமிரும். சுமார் இரண்டடி இறக்கை இருந்தால் வசதி.

மாற்றங்கள் மூக்கில் தொடங்குகின்றன. மெல்லிய பிளைவுட் துண்டை ஒட்டி, பத்து கிராம் அளவுள்ள மோட்டாரைத் திருகுகிறார்கள். மோட்டாரின் அச்சு நேராக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று டிகிரி கீழ்நோக்கியும், அதே அளவு வலப்பக்கமாகவும் சாய வேண்டும். இல்லையென்றால் வேகம் கூடும்போதெல்லாம் மூக்கு மேலே தூக்கி, இடப்பக்கம் இழுக்கும். அடுத்தது வால். வரைபடத்தில் ஒரே துண்டாக இருக்கும் வாலின் பின்பகுதியை வெட்டிக் கீல் வைக்கிறார்கள். படுத்திருக்கும் பகுதி அசைந்தால் விமானம் ஏறும், இறங்கும். நின்றிருக்கும் பகுதி அசைந்தால் திரும்பும். அந்தத் திருப்பம் ஒழுங்காக அமைய, இறக்கையின் இரு நுனிகளும் நடுப்பகுதியைவிட மேலே உயர்ந்திருக்க வேண்டும். கிட்டில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே உயர்த்துவார்கள்.

கடைசியாக, வயிற்றுப் பக்கம் ஒரு சிறிய கதவு. பேட்டரியை மாற்ற, முன்னும் பின்னும் நகர்த்த.

கிராம் கணக்கு

இதெல்லாம் சேர்ப்பது. ஆனால் இந்த வேலையின் சூட்சுமம் கழிப்பதில் இருக்கிறது. மோட்டார் 10 கிராம், மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பலகை 6, ரிசீவர் 3, இரண்டு சர்வோ 8, பேட்டரி 20, புரொப்பல்லரும் மற்றவையும் 3. மொத்தம் 50 கிராம். கழற்றிய ரப்பரின் எடை இதற்கு ஈடாகாது. இந்தச் சுமையை அப்படியே ஏற்றினால் விமானம் பறக்கும், ஆனால் வேகமாகப் பறந்தால்தான் மேலே நிற்கும். வேகமாகப் பறப்பதை இறக்குவது கடினம். அது தரையில் மோதினால் சேதமும் அதிகம்.

அதனால் ஒவ்வொரு குச்சியையும் கையில் வைத்துப் பார்க்கிறார்கள். பால்சாவிலேயே கனமானதும் உண்டு, பஞ்சுபோன்றதும் உண்டு. கனமான பலகையை ஒதுக்கிவிட்டு, அதே வடிவத்தை லேசான பலகையில் வெட்டுகிறார்கள். உடலின் குறுக்குச் சட்டங்களில் ஓட்டை போடுகிறார்கள். முறுக்கிய ரப்பர் மூக்கையும் வாலையும் சேர்த்துப் பிடித்து இழுக்கும். அதைத் தாங்கத்தான் பழைய வரைபடத்தில் உடல் முழுக்கச் சட்டங்கள். மின்மோட்டாரின் விசை மூக்கோடு சரி. ஆகவே வால் பக்கம் பாதியாக இளைக்கலாம். வாலில் ஒரு கிராம் குறைத்தால், சமன் செய்ய மூக்கில் வைக்க வேண்டிய இரண்டு மூன்று கிராம் மிச்சம். பசையைக்கூடக் குண்டூசி முனையால் தொட்டு வைக்கிறார்கள். தராசு எப்போதும் மேஜை மேல் இருக்கும். எல்லாம் முடிந்து 120 கிராமை ஒட்டி வந்தால் திருப்தி.

இதைத்தான் இந்த ஊரின் இரு மரங்களும் சொல்கின்றன. லேசான பொருளைக் கடையில் வாங்கிவிடலாம். லேசான விமானம் கடையில் வாங்க முடியாதது. அது பொறுமையாகக் கழித்துக் கழித்து வருவது.

நாற்பது மணி நேரமும் நான்கு நொடியும்

மாலை நேரங்களில் உட்கார்ந்தால் வேலை முடியச் சில வாரங்கள் ஆகும். அத்தனையும் முதல் நான்கு நொடியில் நொறுங்கிப் போகலாம். அந்தப் பயம்தான் இந்தப் பொழுதுபோக்கின் உப்பு.

நொறுங்காமல் இருக்கச் சில விதிகள் உண்டு. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் இரு விரல் நுனிகளில் தாங்கினால், விமானம் சமமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பேட்டரியை நகர்த்த வேண்டும். மாதிரி விமானக்காரர்களிடையே ஒரு சொலவடை உண்டு: மூக்கு கனத்த விமானம் மோசமாகப் பறக்கும், வால் கனத்த விமானம் ஒரே ஒரு முறைதான் பறக்கும்.

அடுத்து, காற்றில்லாத அதிகாலை, உயரமான புல் வளர்ந்த வெளி. முதலில் மோட்டாரை ஓட்டாமல், மெதுவாக முன்னோக்கி விட்டுப் பார்ப்பது. நேராக மிதந்து இறங்கினால்தான் மோட்டார். பறந்துவிட்டால் இன்னொரு சிக்கல் காத்திருக்கும். விமானம் நம்மை நோக்கி வரும்போது அதன் இடது நமக்கு வலது. புதியவர்கள் விமானத்தைப் பறிகொடுப்பது பெரும்பாலும் அந்தத் திருப்பத்தில்தான். எல்லாம் கூடிவந்தால், அரை நிமிடம் பறந்த பொம்மை ஆறேழு நிமிடம் வட்டமிட்டு, சொன்ன இடத்தில் இறங்கும். வெயில் தாளுக்குள் ஊடுருவி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு குச்சியையும் காட்டும். தெர்மாகோல் விமானம் காட்டாத காட்சி அது.

விழுந்தாலும் கதை முடியாது. முறிந்த குச்சியை ஒட்டலாம், கிழிந்த தாளுக்கு ஒட்டுப் போடலாம். தானே கட்டியவருக்கு எங்கே எது இருக்கிறது என்று தெரியும். ஒரு சிறுமியோ சிறுவனோ இதைப் பத்து வயதில் கற்றுக்கொண்டால், உடைந்ததைத் தூக்கி எறியும் பழக்கம் கொஞ்சம் தள்ளிப் போகும்.

மரம் வரும் வழி

வேக்ஃபீல்டின் மேஜைக்கு வரும் மரம் எங்கே வளர்கிறது? உலகின் பால்சாவில் பெரும்பங்கு ஈக்வடார் நாட்டில் விளைகிறது. ஆறேழு ஆண்டுகளில் வெட்டும் அளவுக்கு வளர்ந்துவிடும். காய்ந்த மரத்தின் எடை தேக்கில் நான்கில் ஒரு பங்கு. ஸ்பானிய மொழியில் பால்சா என்றால் மிதவை. 1947-ல் தோர் ஹெயர்டால் பசிபிக் கடலில் 101 நாட்கள் மிதந்து சென்ற கான்-டிக்கி தெப்பத்துக்கு, ஈக்வடாரின் கெவேடோ பகுதிக் காட்டில்தான் மரம் வெட்டினார்கள்.

இன்று அந்த மரத்துக்குப் பெரிய வாடிக்கையாளர் பொம்மை அல்ல, காற்றாலை. பிரம்மாண்டமான இறக்கைகளின் உட்பகுதியில் பால்சாவை வைக்கிறார்கள். 2019, 2020-ல் காற்றாலைத் தேவை ஏறியபோது பால்சா விலை எகிறியது. தோட்டத்து மரம் போதாமல், அமேசான் பழங்குடிகளின் ஆற்றங்கரைகளிலும் தீவுகளிலும் மரம் வெட்டப்பட்டது. தூய மின்சாரத்துக்காகக் காடு காயம்பட்டது. வீணாக்காமல் வெட்டுவதற்கும், உடைந்ததை ஒட்டுவதற்கும் இதுவும் ஒரு காரணம்.

போகிறவர்களுக்கு

* மே முதல் அக்டோபர் வரை ஏரிக்கரை நடைக்கு ஏற்ற காலம்.
* அமெரிக்காவில் பொழுதுபோக்குக்காகப் பறக்கவிடும் 250 கிராமுக்குக் குறைந்த விமானத்துக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் இணையத்தில் இலவசமாக நடக்கும் பாதுகாப்புத் தேர்வை எழுதிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். பாஸ்டன் பகுதியில் விமான நிலையங்கள் அதிகம் என்பதால், பறக்கவிடும் முன் அந்த இடத்தில் அனுமதி உண்டா என்று பார்ப்பது அவசியம்.
* கிட் பெட்டியைப் பெரிய சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வைக்கலாம். தனியாக வாங்கும் லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், முனைகளை டேப்பால் மூடி. வீட்டில் சார்ஜ் ஏறும்போது ஒருவர் அருகிலேயே இருக்க வேண்டும்.
* முதல் கிட்டை ரப்பரிலேயே கட்டிப் பழகுவது நல்லது. இரண்டாவதற்கு மோட்டார் வைக்கலாம்.