பொடிக்குழிக்கு அடியில்

மணிக்கட்டில் எட்டுக் குட்டி எலும்புகள். அவற்றில் எனக்குப் பயம் காட்டுவது ஸ்கேஃபாய்டு. படகு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். எனக்கென்னவோ கொஞ்சம் பெருத்த முந்திரிப்பருப்பாகத்தான் தெரிகிறது.

எட்டும் இரண்டு வரிசை. இது மட்டும் இரண்டுக்கும் குறுக்கே கிடக்கிறது. கட்டைவிரல் மேட்டுக்கும் மணிக்கட்டு ரேகைக்கும் நடுவே, உள்ளங்கைப் பக்கம், விரலை வைத்துக்கொண்டு கையைக் கட்டைவிரல் பக்கமாகச் சாயுங்கள். ஒரு முண்டு எழும்பி விரலை முட்டும். சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் ஒளிந்துகொள்ளும். எலும்பு உள்ளே குனிந்து நிமிர்கிறது. கையை ஊன்றி விழும்போது இடுப்பொடிவதும் இதற்குத்தான்.

ஒடிந்தால் சேர்வது பெரும்பாடு. மேற்பரப்பில் சுமார் 80 சதவீதம் குருத்தெலும்பு. ரத்தக்குழாய் நுழைய இடமே குறைவு. முக்கியமான குழாய் விரல் பக்கத்துப் பாதியில் புகுந்து முழங்கை நோக்கித் திரும்பி ஓடுகிறது. இதயத்துக்குக் கிட்டத்தில் இருக்கும் முனைதான் இங்கே கடைமடை. நடுவில் உடைந்தால் அது காயக்கூடும்.

கட்டைவிரலை விறைத்து உயர்த்தினால் அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். மூக்குப்பொடி வைத்து உறிஞ்சிய குழி; அதற்கு அடியில்தான் இந்த எலும்பு. பைக் சறுக்கி விழுந்த ஓர் இளைஞருக்கு அங்கே அழுத்தினேன்; முகத்தைச் சுளித்தார். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. நான் படத்தை நம்பினேன். சுளுக்கு என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பிவிட்டேன்.

எட்டு மாதம் கழித்து வந்தார். “கிளட்ச் பிடிக்க முடியல சார்.” படத்தில் இரண்டு துண்டுகள், நடுவே கோடு. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அடைத்து, ஹெர்பர்ட் திருகு போட்டேன். 1984-இல் ஹெர்பர்ட்டும் ஃபிஷரும் எழுதி வெளியிட்டது. தலை கிடையாது, குருத்தெலும்புக்குள் புதைந்துவிடும். இரு முனையிலும் மரை இடைவெளி வேறு வேறு. முடுக்க முடுக்கத் துண்டுகள் நெருங்கும். அழகான யோசனை.

இப்போது குழியில் வலித்தால் படம் சுத்தமாக இருந்தாலும் மாவுக்கட்டுதான். பத்துப் பதினான்கு நாளில் மறுபடியும் எக்ஸ்ரே, அவசரமென்றால் எம்ஆர்ஐ. “உடையலைன்னு படத்துலயே இருக்கே டாக்டர்?” என்று சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

அந்த இளைஞருக்கு எலும்பு கூடிவிட்டது. கடைசியாக வந்த அன்று கும்பிடச் சொல்லி, கை பிரியாமல் முழங்கைகளை உயர்த்தச் சொன்னேன். வலது எழும்பியது. இடது இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது.