வெளியாரின் திருத்தங்கள்

பத்திரிகைத் துறையில் 30 ஆண்டுகளாக நான் கண்ட உண்மை ஒன்று உண்டு. பிழையை முதலில் காண்பவர் பெரும்பாலும் அலுவலகத்துக்கு வெளியேதான் இருப்பார். ஒரு கிராமத்தின் பெயரைத் தவறாக அச்சிட்டால், அது ஒப்புநோக்காளரின் கண்ணுக்குத் தப்பினாலும் அந்த ஊரவரின் கண்ணுக்குத் தப்பாது. ஆனால், அவர் தபாலட்டை எழுதி, அது கொழும்புக்கு வந்து, திருத்தம் அச்சேறுவதற்குள் செய்தியே மறந்துபோயிருக்கும்.

பலர் கூடி எழுதும் திறந்த மூல மென்பொருள்களின் கதையும் இதுவே. அவற்றின் நிரலை எவரும் வாசிக்கலாம். திருத்துவது மட்டும் நெடுங்காலம் எளிதாக இருக்கவில்லை. மூல நிரல் முழுவதையும் தமது கணினியில் இறக்கி, மாற்றத்தைச் செய்து, பழையதற்கும் புதியதற்குமான வேறுபாட்டைத் தனிக் கோப்பாக்கி மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். இதற்குப் 'பேட்ச்' என்று பெயர். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டு என்று கொள்ளலாம். லினக்ஸ் கருநிரலுக்கு இன்றும் திருத்தங்கள் இப்படித்தான் செல்கின்றன. ஆவணத்தில் உள்ள ஓர் எழுத்துப் பிழைக்காக இவ்வளவு பாடுபட எத்தனை பேர் முன்வருவர்?

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் 'கிட்' என்ற கருவியை உருவாக்கினார். அதனை அடிப்படையாகக் கொண்டு 2008இல் கிட்ஹப் தளம் தொடங்கியது. 2011இல் அங்கே ஒரு சிறு வசதி வந்தது. எழுதும் உரிமை இல்லாத ஒருவர் திருத்தும் பொத்தானை அழுத்தினால், அவருக்கென ஒரு பிரதி தானாகவே உருவாகும். அதில் அவர் செய்யும் மாற்றம் திட்டத்தைப் பராமரிப்பவரிடம் ஒரு வேண்டுகோளாகப் போய்ச் சேரும். தபாலட்டைக்கான தூரம் சில நிமிடங்களாகச் சுருங்கியது.

இதன் பெறுமதியை நம் நாட்டவர் எளிதில் உணரலாம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையின் பின்னர், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் உருவாக்கிய திறந்த மூல மென்பொருள்தான் 'சஹன'. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போதும் அது பயன்பட்டது. இத்தகைய மென்பொருளில் ஓர் ஊர்ப் பெயரோ ஆட்பெயரோ பிழையாகப் பதிவானால், பிள்ளையைத் தேடிவரும் தாய் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். அந்தப் பிழையை அறியக்கூடியவர் முகாமில் நிற்பவரே. அவர் நிரலாளராக இருக்க வேண்டியதில்லை.

மறுபக்கமும் உண்டு. 2020 ஒக்டோபரில், திருத்தம் அனுப்புவோருக்கு டீ-சேர்ட் பரிசு என்ற 'ஹக்டோபர்ஃபெஸ்ட்' நிகழ்வின்போது பயனற்ற மாற்றங்கள் வந்து குவிந்தன. பராமரிப்பாளர்கள் கொதித்தெழ, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மாத்திரமே என விதி மாற்றப்பட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் திருத்தங்களும் அந்தக் குவியலில் சேர்கின்றன.

அப்படியானால் கதவை மூடிவிடலாமா? 2024 மார்ச்சில் வெளிவந்த 'எக்ஸ்இசட்' விவகாரத்தைப் பாருங்கள். களைத்துப்போன ஒரே பராமரிப்பாளரின் நம்பிக்கையை ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உழைத்துப் பெற்றார். வெளியிடும் உரிமையைப் பெற்ற பின்னரே இரகசிய வழியொன்றைப் புகுத்தினார். அதைக் கண்டுபிடித்த அன்ட்ரெஸ் ஃபிரூண்ட் அந்தத் திட்டத்தைச் சேர்ந்தவரல்லர். தம் கணினியில் உள்நுழைய அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போன வெளியாள்.

ஆகவே முன்மொழிவது வேறு, வெளியிடுவது வேறு. முன்னது எவருக்கும் எளிதாக இருக்கட்டும். பின்னது கடுமையாகவே இருக்கட்டும். நூறு பிரதேச நிருபர்களை நியமித்துவிட்டு, அவர்களின் செய்திகளை வாசிக்க ஓர் உதவி ஆசிரியரை மட்டும் இருத்தினால் எந்தப் பத்திரிகையும் உருப்படாது. வருவோருக்கு வழியை அகலமாக்கியவர்கள், உள்ளே அமர்ந்து வாசிப்பவருக்குத் துணையாக இன்னும் இருவரைத் தேட வேண்டும். அந்த வேலை இன்னும் பாதிகூட முடியவில்லை என்பதே என் எண்ணம்.