முப்பத்திரண்டா, அறுபத்து நாலா?

கம்ப்யூட்டர் விஷயத்துக்கு பி.காம். படித்தவனிடம் யோசனை கேட்கலாமோ? மாமல்லபுரம் பக்கத்து ஹெட்மாஸ்டர் ஒருவர் கேட்டார். முப்பது பழைய பெட்டிகள். வாங்கப்போவது ஒரே ஒரு சர்வர். லினக்ஸ் 32 பிட்டா, 64 பிட்டா?

இந்த 'தின் கிளையன்ட்' ஏற்பாடு கல்யாணப் பந்தி மாதிரி. பிள்ளைகள் முன்னால் இலை மட்டும்தான். சமையலெல்லாம் பின்கட்டில், சர்வரில். 32 பிட் சமையல்காரருக்கு 4 ஜிபி வரைதான் எண்ணத் தெரியும். முப்பது பேருக்குப் பங்கு வைத்தால் தலைக்கு சுமார் 136 எம்பி. பிரௌசரைத் திறந்தாலே பாத்திரம் காலி! பி.ஏ.இ. என்ற கொல்லைப்புற வழியில் 64 ஜிபி வரை போகலாம். அப்போதும் எந்த ஒரு புரோகிராமுக்கும் 4 ஜிபிக்கு மேல் கிடையாது.

போதாக்குறைக்கு, செங்கல்பட்டு தனி மாவட்டமான அதே 2019-ல் உபுண்டு 32 பிட்டுக்கு விடை கொடுத்துவிட்டது. 2025-ல் டெபியனும் 13-ம் பதிப்போடு இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது.

"அப்போ பழைய பெட்டியெல்லாம் காயலான் கடைக்கா சார்?" என்றார், பாவமாக.

"எதுக்கு சார்? சர்வர் மட்டும் 64 பிட்டா இருக்கட்டும். பழசுங்களுக்கு டெபியன் 12-லேர்ந்து தனியா ஒரு 32 பிட் இமேஜ் சர்வர்லயே வெச்சுடலாம். திரை காட்ட அது போதும்."

எங்கள் அக்கவுண்ட்ஸ் பாஷையில் அவை தேய்மானம் முழுக்கக் கழித்த சொத்து. இனி உழைக்கிற ஒவ்வொரு நாளும் வரவுதான்!