கிரவுனா, பேரிங்கா?

நாமக்கல்லைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் லாரிப் பட்டறைதான். பாடி கட்டுகிறவர், பட்டை அடிக்கிறவர், வயரிங் பார்க்கிறவர் என்று ஆளுக்கோர் உறுப்பு. நான் பார்க்கப் போனவர் பின் ஆக்சில்காரர். "மூணு பட்டறைல கிரவுனை மாத்துன்னு சொன்ன வண்டிய, ஒரு பேரிங்கோட அனுப்பிட்டாரு" என்று வியந்துகொண்டே நண்பர் என்னை அழைத்துப் போனார். நண்பரிடம் இரண்டு லாரிகள் ஓடுகின்றன. கிரவுன் என்பது பின் ஆக்சிலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்; பினியன் என்னும் சின்னப் பல்சக்கரம் அதைச் சுற்றுகிறது.

பட்டறையில் கியர் ஆயிலின் கந்தக வாடை. பின்பக்கம் இருபுறமும் தூக்கி நிறுத்திய லாரி ஒன்றின் இடது சக்கரத்தைப் பையன் முன்னால் சுற்ற, வலது சக்கரம் பின்னால் சுற்றியது. வளைவில் வெளிச் சக்கரம் கூடுதல் தூரம் ஓடியாக வேண்டும். அதற்கு இடம் கொடுப்பவை உள்ளே இருக்கும் ஸ்டார் பினியன்கள். சேற்றில் ஒரு சக்கரம் மட்டும் வெறுமனே சுழலும்போது டிரைவர் ஆத்திரத்தில் மிதித்துக்கொண்டே இருந்தால், முதலில் தீய்ந்து போவதும் அவைதான்.

அன்று வந்த டிரைவர், "அண்ணா, கிரவுன் ஊளையிடுதுங்க" என்றார். அவரை நகர்ந்து உட்காரச் சொல்லிவிட்டு மேஸ்திரியே ஸ்டீயரிங்கைப் பிடித்தார். நானும் தொற்றிக்கொண்டேன்.

வண்டி ஐம்பதைத் தொட்டதும் அழுத்தினார், காலை எடுத்தார், நியூட்ரலில் விட்டார். ஊளை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கிரவுன், பினியன் பல் தேய்ந்திருந்தால் காலுக்குத் தகுந்தபடி சத்தம் மாறும் என்றார். தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு இறங்கினார். அப்போதும் அதே சத்தம். ஆகவே டயரும் இல்லை. திரும்பும்போது மட்டும் கடகடவென்றால் ஸ்டார் பினியன், கிளட்சை விடும்போது 'டொக்' என்றால் ஜாயின்ட்டிலோ பல் இடைவெளியிலோ ஆட்டம். அதற்கெல்லாம் இங்கே வேலை இருக்கவில்லை. காலிச் சாலையில் வண்டியை மெல்ல இடமும் வலமும் ஒடித்தார். பாரம் வலப்பக்கம் சாய்ந்தபோது சத்தம் கனத்தது.

"வலது ஹப் பேரிங்குங்க. கிரவுனுக்கு ஒண்ணும் ஆகலை."

கழற்றிப் பார்த்தபோது பேரிங்கின் ஓடுபாதை அம்மை வடுவாக உரிந்திருந்தது. ஆக்சில் ஹவுசிங்கின் மேல் இருக்கும் மூச்சுக்குழாயையும் காட்டினார். மண் அடைத்துக் கிடந்தது. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறினால் ஆயில் சீலைத் தாண்டிப் பிரேக் லைனிங்கை நனைக்கும். சீலை மட்டும் மாற்றிவிட்டுக் குழாயைத் தொடாமல் அனுப்புகிறவர்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

நிஜமாகவே கிரவுன் போன வண்டி ஒன்றும் அங்கே திறந்து கிடந்தது. பினியனில் 6 பல், கிரவுனில் 41. பினியன் ஏழு சுற்றுக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. இரண்டும் தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று உரசிப் பழகியவை; இரண்டின் மேலும் ஒரே எண் பொறித்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. புது ஜோடியின் பல்லில் நீல மை தடவிச் சுற்றினார். தடம் பல்லின் உச்சியில் விழுந்தால் பினியனை உள்ளே தள்ள வேண்டும், அடியில் விழுந்தால் வெளியே இழுக்க வேண்டும். ஷிம் தகட்டைக் கூட்டியும் குறைத்தும் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தார். தடம் பல்லின் நடுவுக்கு வந்த பிறகுதான் டீ. அப்புறம் பினியனில் நூல் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பேரிங் இறுக்கம் பார்த்தார்கள். அதில் என் மனம் ஒட்டவில்லை.

என் மனம் மேஸ்திரியின் கூலியில் இருந்தது. கிரவுன் ஏன் உடைகிறது என்பதிலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்குகிறது. நாலு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு அனுமதித்த பாரத்தை மத்திய அரசு 2018இல் 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. அதையும் தாண்டி ஏற்றினால்தான் கட்டுப்படியாகிறது என்கிறார் நண்பர். புக்கிங் ஆபீஸில் கமிஷன் போக மிஞ்சும் வாடகையில் டீசல், சுங்கம், தவணை எல்லாம் அடங்க வேண்டும். அப்படி ஏற்றிய பாரத்தில் கிரவுன் உடைகிறது. உடைந்தால் ஸ்பேர் கடைக்கு லாபம், கிரவுன் மாற்றச் சொன்னவருக்கு அங்கேயும் ஒரு கமிஷன். சரக்கு ஏறும் முன்பே ஒரு கை நீள்கிறது, வண்டி உடைந்த பின்பு இன்னொரு கை. இரண்டு கைகளிலும் ஒரு சொட்டு ஆயில்கூட இல்லை. கிரவுன் வேண்டாம் என்று சொல்கிற மனிதருக்கு மட்டும் இந்த ஏற்பாட்டில் எங்கேயும் பங்கு கிடையாது. ஓட்டிப் பார்த்ததற்குத் தனியாகப் பணம் கேட்டால், "சும்மா ஒரு ரவுண்டு போனதுக்கா?" என்கிறார்களாம் முதலாளிகள்.

"அப்ப அதுக்கு எப்படிண்ணா வாங்குவீங்க?"

பில்லை என் பக்கம் திருப்பினார். பேரிங், சீல், கூலிக்குக் கீழே 'கிரீஸ், வேஸ்ட்' என்று ஒரு வரி இருந்தது. ஒரு ஹப்புக்கு அவ்வளவு கிரீஸ் பிடிக்காது.

"அதை யாரும் கேக்க மாட்டாங்க சார்" என்றார்.